கார்டுக்கு ஆண்டுக் கட்டணம்: எதற்குக் கொடுக்கலாம், எதை மூடிவிடலாம்

உங்கள் வீட்டில் எஸ்பிஐ கணக்கு இருந்தால், அதன் பாஸ்புக்கில் 236 ரூபாய் அல்லது 295 ரூபாய் கழிந்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். வருடத்துக்கு ஒரு தடவை வரும். பக்கத்தில் என்னவோ சுருக்கெழுத்தில் அச்சாகியிருக்கும், பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டு எஸ்எம்எஸ் சார்ஜாக இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது டெபிட் கார்டின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். 2024 ஏப்ரல் 1 முதல் கிளாசிக், சில்வர், குளோபல் வகைக் கார்டுகளுக்கு 125 ரூபாயாக இருந்தது 200 ஆனது. யுவா, கோல்டு வகைக்கு 175 என்பது 250 ஆனது. பிளாட்டினத்துக்கு 325, பிரைடு, பிரீமியம் வகைக்கு 425. இதெல்லாம் ஜிஎஸ்டி சேர்க்காமல். 18 சதவீதம் சேர்த்தால் 200 என்பது 236, 250 என்பது 295, 325 என்பது 383 ரூபாய் 50 காசு.

எங்கள் வீட்டில் இருக்கிற எல்லாக் கார்டுகளையும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு என்ன போகிறது, பதிலுக்கு என்ன வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டண விவரங்கள் எல்லாம் வங்கிகள் வெளிப்படையாகப் போட்டிருப்பவைதான், ஆனால் அடிக்கடி மாற்றுவார்கள், அதனால் கார்டு வாங்கும் அன்று ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டுக் கட்டணம் என்றதும் எல்லோரும் கிரெடிட் கார்டைத்தான் திட்டுகிறோம், ஆனால் சாதாரணக் குடும்பத்துக்கு உண்மையில் நஷ்டம் டெபிட் கார்டில்தான். கிரெடிட் கார்டு கட்டணம் பில்லில் தனி வரியாக வரும், கட்டுவதற்கு முன்னால் கண்ணில் படும், போன் செய்து கேட்கலாம், செலவு செய்து தள்ளுபடி வாங்கலாம். டெபிட் கார்டில் பில் கிடையாது. கணக்கில் இருக்கிற பணத்தை வங்கியே எடுத்துக்கொள்ளும். இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் இல்லை என்ற சலுகையும் சாதாரணச் சேமிப்புக் கணக்குக் கார்டில் பெரும்பாலும் இல்லை.

இந்த 236 ரூபாய் சின்னத் தொகைதானே என்று தோன்றும். எஸ்பிஐ சேமிப்புக் கணக்குக்கு வட்டி இரண்டரை சதவீதம் என்று வைத்துக்கொண்டு பார்த்தால், வருடம் முழுக்க கணக்கில் சராசரியாக 9,440 ரூபாய் வைத்திருக்கும் ஒருவருக்குக் கிடைக்கும் வட்டி சரியாக 236 ரூபாய். அதாவது கையிருப்பு பத்தாயிரத்துக்குள் இருக்கிற எத்தனையோ பேருக்கு வருடம் பூராவும் வந்த வட்டி மொத்தமும் அந்த ஒரு அட்டைக்கே போய்விடுகிறது. முதியோர் உதவித்தொகை வருகிற கணக்கு, நூறு நாள் வேலைக் கூலி வருகிற கணக்கு இப்படித்தான் இருக்கும். பணம் வந்ததும் எடுத்துவிடுவார்கள், கணக்கில் நிற்பதே நூறோ இருநூறோதான். அந்தக் கணக்கில் கட்டணமுள்ள கார்டு இருந்தால் அது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

இதற்கு வழி இருக்கிறது, கிளையில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் பிரச்சினை. அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு, ரிசர்வ் வங்கி விதிப்படி எல்லா வங்கிகளும் கொடுக்க வேண்டும். ஜன் தன் கணக்கும் இந்த வகைதான். குறைந்தபட்ச இருப்பு கிடையாது, ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது, மாதத்துக்கு நான்கு முறையாவது இலவசமாகப் பணம் எடுக்கலாம். ஏற்கனவே இருக்கும் சாதாரணக் கணக்கையும் இப்படி மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். முக்கியமான நிபந்தனை, அதே வங்கியில் உங்களுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. மாதம் ஒரு தடவை பணம் எடுக்கும் தாத்தா பாட்டிக்கு இதைவிட ஒன்றும் தேவையில்லை.

அப்புறம், ஜன் தன் ரூபே கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் விபத்துக் காப்பீடு இருக்கிறது, 2018 ஆகஸ்ட் 28-க்குப் பிறகு திறந்த கணக்குகளுக்கு 2 லட்சம், அதற்கு முந்தையவற்றுக்கு 1 லட்சம். ஆனால் விபத்து நடப்பதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கார்டை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும் கார்டுக்குக் காப்பீடு கிடைக்காது. மற்ற டெபிட் கார்டுகளில் இலவசக் காப்பீடு என்று விளம்பரப்படுத்துவதிலும் இதே மாதிரி நாள் கணக்கு இருக்கும், படித்துப் பாருங்கள்.

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். சம்பளக் கணக்கு இருக்கும் வரை கார்டு பெரும்பாலும் இலவசம். வேலை மாறியதும் சம்பளம் நின்று, சில மாதங்களில் அது சாதாரணக் கணக்காக மாறிவிடும், குறைந்தபட்ச இருப்பும் வந்துவிடும், கார்டுக் கட்டணமும் வந்துவிடும். சென்னையில் மூன்று கம்பெனி மாறியவரிடம் மூன்று வங்கிக் கார்டுகள் இருப்பது சர்வ சாதாரணம். என் மனைவியின் பழைய சம்பளக் கணக்கு ஒரு தனியார் வங்கியில் இருந்தது. வேலையை விட்ட பிறகு அந்தக் கார்டுக்குக் கட்டணம் எடுக்க ஆரம்பித்தார்கள். கார்டு வேண்டாம், கணக்கு மட்டும் போதும் என்று கேட்டபோது, கணக்கு இருந்தால் கார்டு இருந்தே ஆக வேண்டும் என்று கிளையில் சாதித்தார்கள். ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட கார்டு வழிகாட்டுதலில் நேர்மாறாக எழுதியிருக்கிறது: வாடிக்கையாளரை டெபிட் கார்டு வாங்கும்படி வங்கி கட்டாயப்படுத்தக் கூடாது, வேறு வசதி எதையும் கார்டோடு இணைத்துக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அந்த வரியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் காட்டிய பிறகுதான் கார்டை ரத்து செய்தார்கள். இதற்குப் பிரிண்ட் தேவைப்பட்டதே எனக்குக் கோபம்தான்.

கார்டே இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்பீர்கள். கடைகளில் யுபிஐ போதும். பணம் எடுக்க எஸ்பிஐயில் யோனோ ஆப் மூலமாகவே கார்டு இல்லாமல் ஏடிஎம்மில் எடுக்கலாம், பல வங்கி ஏடிஎம்களில் யுபிஐ க்யூஆர் ஸ்கேன் செய்தும் எடுக்கலாம். யுபிஐ பின் போடுவதற்கு டெபிட் கார்டின் கடைசி எண்கள் வேண்டுமே என்றுதான் நிறையப் பேர் கார்டை வைத்திருக்கிறார்கள். இப்போது ஆதார் ஓடிபி மூலமாகவும் பின் போடலாம், ஆதாரிலும் வங்கியிலும் ஒரே மொபைல் எண் இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் கருத்து, குடும்பத்தில் ஆளுக்கு ஒரு டெபிட் கார்டு போதும், அதுவும் இருப்பதிலேயே கீழ் வகை. பிளாட்டினம், பிரீமியம் என்று வங்கியில் நீட்டினால், சாதாரண வகையே கொடுங்கள் என்று கேளுங்கள். ஏடிஎம் மிஷினுக்குள் போனால் எல்லாக் கார்டும் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

சரி, கிரெடிட் கார்டுக்கு வருவோம். இங்கே கட்டணம் இருக்கிறது என்பதற்காக ஒரு கார்டை ஒதுக்கவும் கூடாது, இலவசம் என்பதற்காக வாங்கவும் கூடாது.

கட்டணமே இல்லாத கார்டுக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் அமேசான் பே ஐசிஐசிஐ. சேரும் கட்டணமும் இல்லை, ஆண்டுக் கட்டணமும் இல்லை, 2018-ல் வந்ததிலிருந்தே அப்படித்தான். செலவு செய்ததில் ஒரு பங்கு கேஷ்பேக்காகத் திரும்பி வரும்: பிரைம் என்ற அமேசான் சந்தா வைத்திருப்பவருக்கு அமேசானில் 5 சதவீதம், பிரைம் இல்லாவிட்டால் 3, வெளியே மற்ற செலவுகளுக்கு 1 சதவீதம் என்பது அடிப்படை அமைப்பு. ஒன்றும் கொடுக்காமல் 1 சதவீதம் கிடைக்கிறது என்றால், கட்டணம் கேட்கிற எந்தக் கார்டும் அந்த ஒன்றுக்கு மேலே எவ்வளவு தருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். பெரும்பாலான விமர்சனங்களில் இந்த இடத்தைத் தாண்டிவிடுகிறார்கள், 5 சதவீதம் முழுவதும் லாபம் என்று கணக்குக் காட்டுகிறார்கள்.

உதாரணத்துக்கு எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு. ஆண்டுக் கட்டணம் 999, ஜிஎஸ்டியோடு 1,179 ரூபாய். ஆன்லைன் செலவுக்கு 5 சதவீதம், கடையில் தேய்த்தால் 1 சதவீதம். இலவசக் கார்டிலேயே 1 கிடைக்கும் என்பதால் கூடுதல் லாபம் 4 சதவீதம்தான். 1,179 ரூபாயை 4 சதவீதத்தில் மீட்க வருடத்துக்குச் சுமார் 29,500 ரூபாய் ஆன்லைனில் வாங்க வேண்டும், மாதம் 2,450 ரூபாய் மாதிரி. இரண்டு பேர் வேலைக்குப் போகும் வீட்டில் இது சாதாரணமாக நடந்துவிடும், அதனால் இந்தக் கார்டுக்கு நான் தாராளமாகக் கட்டணம் கட்டுவேன். வருடத்தில் 2 லட்சம் செலவு செய்தால் கட்டணமும் திரும்பி வரும், மாதத்துக்கு 16,700 ரூபாய் அளவு.

ஆனால் இதில் கேஷ்பேக் இல்லாத இடங்களைப் படித்துப் பாருங்கள்: இன்சூரன்ஸ் பிரீமியம், ஸ்கூல் ஃபீஸ், நகை, பெட்ரோல், வாடகை, ஈபி பில் மாதிரியான கட்டணங்கள், வாலட்டில் பணம் போடுவது. நம் வீடுகளில் பெரிய செலவு எதுவோ அதெல்லாம் வெளியே நிற்கிறது. ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸை இந்தக் கார்டில் கட்டிவிட்டு ஐந்து சதவீதம் வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். எந்தக் கார்டாக இருந்தாலும் இந்த விலக்குப் பட்டியலை முதலில் படியுங்கள், பலன் பட்டியலைப் பிறகு படிக்கலாம்.

ஃபிளிப்கார்ட் ஆக்சிஸ் கார்டு 500 ரூபாய், வரியோடு 590. அங்கே 5 சதவீதம் கிடைப்பதால் அதே கணக்கில் வருடத்துக்கு 14,750 ரூபாய்க்கு ஃபிளிப்கார்ட்டில் வாங்கினால் கட்டணம் மீண்டுவிடும். ஒரு வாஷிங் மிஷின் வாங்கும் வருடம் சரி, துணிமணி மட்டும் வாங்கும் வருடம் யோசிக்க வேண்டும். இந்தக் கார்டில் எனக்குப் பிடிக்காதது, கட்டணத் தள்ளுபடிக்கான செலவு வரம்பை 2023-ல் 2 லட்சத்திலிருந்து 3.5 லட்சமாக உயர்த்தியது. கட்டணத்தை ஒரு பைசாகூட ஏற்றவில்லை, ஆனால் முன்பு தள்ளுபடி வாங்கிக்கொண்டிருந்தவர்களில் பலர் இப்போது கட்ட வேண்டியிருக்கும். இப்படிக் கட்டணத்தைத் தொடாமல் நிபந்தனையை நகர்த்துவது எல்லா வங்கிகளிலும் நடக்கிறது, அறிவிப்பு மெயில் விளம்பர மெயில்களுக்கு நடுவில் வந்து போய்விடும்.

எச்டிஎஃப்சி மிலேனியா 1,000 ரூபாய், 1 லட்சம் செலவுக்குத் தள்ளுபடி. எஸ்பிஐ சிம்ப்ளிகிளிக் 499, அதற்கும் 1 லட்சம். ஒரு லட்சம் வரம்பு என்பது மாதம் 8,300 ரூபாய் மாதிரி, மளிகை, மருந்து, போன் ரீசார்ஜ் எல்லாம் ஒரே கார்டில் போட்டாலே நடுத்தரக் குடும்பம் தொட்டுவிடும். இவை இரண்டும் பயப்பட வேண்டிய கார்டுகள் இல்லை. சிம்ப்ளிகிளிக் மாதிரிக் கார்டுகளில் சேரும்போது 500 ரூபாய்க்குக் கிஃப்ட் வவுச்சர் கொடுப்பார்கள், அதை வைத்துக் கார்டு சும்மா கிடைத்த மாதிரி இருக்கும். அது முதல் வருடத்துக்கு மட்டும். கார்டின் உண்மையான மதிப்பு இரண்டாவது வருடம் வவுச்சர் இல்லாமல் கட்டணம் வரும்போதுதான் தெரியும், அதனால் விண்ணப்பிக்கும்போதே இரண்டாம் வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தள்ளுபடிக்கான வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. கார்டு கொடுத்த மாதத்திலிருந்துதான் எண்ணுவார்கள். ஆகஸ்டில் வாங்கிய கார்டுக்கு வருடம் ஜூலையோடு முடியும், தீபாவளிக்கு வாங்கியதெல்லாம் அடுத்த ஜூலைக் கணக்கில் வரும். வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்பிய பொருளின் தொகை கழிந்துவிடும். வாடகை, வாலட், பெட்ரோல், இஎம்ஐ போன்றவற்றைப் பல கார்டுகள் இந்த வரம்பில் சேர்ப்பதே இல்லை. எனவே வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது கஸ்டமர் கேருக்கு போன் செய்து, தள்ளுபடிக்கு இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். ஐயாயிரம் குறைகிறது என்றால், அடுத்த மாதம் எப்படியும் வாங்கப் போவதை முன்னால் வாங்கலாம். நாற்பதாயிரம் குறைகிறது என்றால் விட்டுவிடுங்கள். 1,180 ரூபாயை மிச்சப்படுத்த வேண்டாத டிவியை வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது. தள்ளுபடி கிடைத்தவர்கள், கட்டணத்தோடு ஜிஎஸ்டியும் திரும்பி வந்திருக்கிறதா என்று ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள்.

2,500 ரூபாய்க்கு மேல் போகும் கார்டுகளைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. எச்டிஎஃப்சி ரெகாலியா கோல்டு வரியோடு 2,950, 4 லட்சம் செலவுக்குத் தள்ளுபடி. இந்த வகைக் கார்டுகளை விமான நிலைய லவுஞ்சுக்காக வாங்குகிறார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை பறக்கும் குடும்பத்துக்கு அது வேண்டாம், தவிர முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் லவுஞ்ச் என்று பல வங்கிகள் மாற்றிவிட்டன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் 66,000 ரூபாய், வரியோடு 77,880. மாதத்தில் பாதி நாள் ஹோட்டலில் தங்குபவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளட்டும்.

போனில் விற்கிறவர்கள் விஷயம் தனி. ஒரு வங்கியின் சார்பாகப் பேசிய பெண் "லைஃப்டைம் ஃப்ரீ கார்டு சார்" என்று மூன்று தடவை சொன்னார். அதை மெயிலில் எழுதி அனுப்பும்மா, உடனே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அனுப்பவில்லை. வங்கியின் தளத்தில் பார்த்தால் அந்தக் கார்டுக்கு முதல் வருடம் மட்டும்தான் இலவசம். பேசுபவர்களும் மாத டார்கெட்டுக்கு ஓடுகிறவர்கள்தான், அவர்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை, எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தோடு வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய ஒரு பக்க விவரத்தாளைக் கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

ரிசர்வ் வங்கியின் அதே கார்டு விதிகளில் நமக்குச் சாதகமாக இன்னும் சில இருக்கின்றன, இவற்றை மனப்பாடமே செய்யலாம். கேட்காத கிரெடிட் கார்டை அனுப்பவோ, இருக்கும் கார்டைச் சம்மதமில்லாமல் மேல் வகைக்கு மாற்றவோ கூடாது. அப்படி மாற்றிக் கட்டணமும் போட்டால், அந்தக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு அதைப் போல இரண்டு மடங்கை அபராதமாகத் தர வேண்டும். கட்டணத்தில் மாற்றம் என்றால் ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும், அந்த மாற்றம் பிடிக்காமல் கார்டை மூடுபவரிடம் மூடும் கட்டணம் கேட்கக் கூடாது. பாக்கி எல்லாம் கட்டிவிட்டு மூடச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். மூடும் கோரிக்கையைப் போனில் மட்டும் சொல்லாமல் மெயிலிலும் அனுப்புங்கள், தேதி அதில்தான் நிற்கும்.

கட்டணம் வந்த பிறகும் வழி உண்டு. ஸ்டேட்மென்ட்டில் கட்டணம் ஏறியதும், கட்ட வேண்டிய கடைசித் தேதிக்கு முன்னால் போன் செய்து, இந்தக் கட்டணத்தோடு கார்டைத் தொடர விருப்பமில்லை என்று சொல்லுங்கள். முழுத் தள்ளுபடியோ பாதியோ, அடுத்த மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்தால் திருப்புகிறோம் என்றோ ஏதாவது சொல்ல வாய்ப்பு அதிகம், குறிப்பாக வருடம் முழுக்க ஒழுங்காகப் பயன்படுத்திய கார்டாக இருந்தால். ஒன்றும் தரவில்லை என்றால் மூடுங்கள். ஆனால் கட்டாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். பயன்படுத்தாத கார்டுதானே என்று ஸ்டேட்மென்ட்டைப் பார்க்காமல் விட்டால், கட்டணமே பாக்கியாகி, அதற்குத் தாமதக் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி என்று ஏறி, சிபில் என்ற கடன் பதிவிலும் போய் உட்காரும். வீட்டுக் கடன் கேட்கும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

எங்கள் வீட்டில் இப்போது மிஞ்சியிருப்பது ஆளுக்கு ஒரு டெபிட் கார்டு, அமேசான் பே ஒன்று, எஸ்பிஐ கேஷ்பேக் ஒன்று. அம்மாவின் கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் வங்கி இதுபோன்ற கோரிக்கையை இழுத்தடித்தால் முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம், பணம் எதுவும் கட்ட வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.